நெஞ்சக நோய் வார்டில் செவிலியப் பராமரிப்பு: எந்த நிலையில் எதை முதலில் செய்வது

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 1928-ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து அவர்களால் தனியார் காசநோய் நிலையமாகத் தொடங்கப்பெற்று, 1937-இல் அரசின் பொறுப்பில் வந்தது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அக்காலத்தில் இல்லை. தூய காற்று, ஓய்வு, உணவு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. செவிலியர் செய்த பணியே மருத்துவமாக இருந்த காலம் அது.

மருந்துகள் வந்தபின் நிலைமை மாறியது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), முறையாக மாத்திரை உட்கொள்ளும் நோயாளி சானடோரியத்தில் இருந்தாலும் தம் வீட்டிலேயே இருந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகிறார் என்பதை 1959-இல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளால் நிறுவியது. அதன்பின் உலகெங்கும் காசநோயாளிகளுள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுகின்றனர்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. இன்று நெஞ்சக நோய் வார்டில் படுக்கையில் இருப்பவர், பெரும்பாலும், மாத்திரை மட்டும் போதாத நிலையில் உள்ளவர். மூச்சுத்திணறல், இரத்த இருமல், மிகு மெலிவு, மருந்தின் பக்கவிளைவு, எச்.ஐ.வி. தொற்று, சர்க்கரை நோய் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ அவரிடம் இருக்கும். காசநோய் இறப்புகளில் கணிசமான பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நேர்கிறது; மருந்து தன் வேலையைச் செய்து முடிக்குமுன் அவரை உயிருடன் வைத்திருப்பது பெருமளவு செவிலியப் பராமரிப்பைச் சார்ந்தது. இப்பக்கம் செவிலியர்களுக்கும் செவிலிய மாணவர்களுக்கும் எழுதப்பட்டது. நோயாளியின் உடனிருக்கும் உறவினர்களும் இதனைப் படிப்பது நலம்.

ஒரே முறையீடு, இருவேறு பராமரிப்பு

அடுத்தடுத்த கட்டில்களில் இருவர் இருப்பதாகக் கொள்வோம். இருவரும் "மூச்சு முட்டுது சிஸ்டர்" என்கின்றனர். இருவருக்கும் இரத்த ஆக்சிஜன் செறிவு 86 விழுக்காடு.

முதலாமவர் அறுபது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகள் பீடி புகைத்தவர். முன்பு ஒருமுறை காசநோய்க்குச் சிகிச்சை முடித்தவர். மூச்சுத்திணறல் சில நாட்களாகச் சிறிது சிறிதாகக் கூடியுள்ளது. நிமிடத்திற்கு 24 மூச்சு. இரண்டாமவர் இருபத்தைந்து வயது இளைஞர். ஒரு மணி நேரத்திற்கு முன் இருமும்போது இடப்பக்க மார்பில் சுருக்கென்று வலி எழுந்து, அப்பொழுதிலிருந்து மூச்சு வாங்குகிறது. நிமிடத்திற்கு 36 மூச்சு. மூச்சிழுக்கும்போது மார்பின் இடப்பக்கம் வலப்பக்கத்தைப் போல எழும்பவில்லை.

முதலாமவருக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் இருக்க வாய்ப்பு மிகுதி. இத்தகையோருள் சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் தீங்கு விளைவிக்கும்; இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தலைவலி, கை நடுக்கம், அரைத்தூக்கம் எனத் தொடங்கி நினைவிழப்பில் முடியலாம். ஆகவே அவரை நிமிர்ந்து, சற்றே முன்சாய்ந்து அமர்த்தி, 24 அல்லது 28 விழுக்காடு ஆக்சிஜன் தரும் வென்சுரி முகமூடி வழியாகக் கொடுத்து, செறிவை 88 முதல் 92 விழுக்காட்டுக்குள் நிறுத்துவதே இலக்கு. "98 வந்துவிட்டது" என்று மகிழ வேண்டிய இடமன்று இது.

இரண்டாமவருக்கு நுரையீரல் உறைக்குள் காற்று கசிந்திருக்கக் கூடும். இங்கே ஆக்சிஜனைத் தயங்காமல் உயர்ந்த அளவில் கொடுக்க வேண்டும். 94 விழுக்காட்டிற்கு மேல் இலக்கு. அதைவிட முதன்மையானது, பணியிலுள்ள மருத்துவரை உடனே அழைப்பது. இரத்த அழுத்தம் வீழ்ந்து, கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சுக்குழல் ஒருபுறம் ஒதுங்குமானால் ஊடுகதிர்ப் படத்திற்காகக் காத்திருக்கும் நேரமில்லை; மருத்துவர் உடனே ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். அவர் வருவதற்குள் மார்புக் குழாய்த் தட்டும் நீரடைப்புக் குப்பியும் கட்டிலருகே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

முறையீடு ஒன்று, ஆக்சிஜன் அளவும் ஒன்று, செய்ய வேண்டியவை வேறு. வேறுபாட்டைக் காட்டியவை நான்கு: எப்பொழுது தொடங்கியது, மூச்சு எண்ணிக்கை என்ன, மார்பு இருபுறமும் சமமாக எழும்புகிறதா, முன்பு என்ன நோய் இருந்தது. இவற்றை அறிய இரண்டு நிமிடம் போதும். செய்த தொழிலையும் கேட்டுக்கொள்ளுதல் நன்று. கல் உடைக்கும் தொழிலில் இருந்தவரின் நுரையீரலில் சிலிக்காத் தூசு படிந்திருக்கலாம். அத்தகையோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பே கூடுதல்.

சேர்க்கையின்போது ஐந்து அளவீடுகள்

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்ட அன்றே வயதுவந்த ஒவ்வொரு நோயாளியிடமும் சில எளிய அளவீடுகளைச் செய்து, கடுமையான நிலையில் உள்ளவர்களைப் பிரித்தறியும் முறையைக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடம் வேண்டாம், எடைக்கருவி, உயரமானி, கடிகாரம், விரல்நுனி ஆக்சிமீட்டர் ஆகியவை போதும்.

உடல் நிறை எண் 14 அல்லது அதற்குக் கீழ் இருப்பது; அது 14-க்கு மேல் 16 வரை இருந்து இரு கால்களிலும் வீக்கம் காணப்படுவது; மூச்சு எண்ணிக்கை நிமிடத்திற்கு 24-க்கு மேல் செல்வது; ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பது; பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலாமை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அவர் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டு மருத்துவரால் முழுமையாக மதிப்பிடப்பட வேண்டியவர். எடுத்துக்காட்டாக, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்குக் கீழ் இருந்தால் அவரது எண் ஏறத்தாழ 14-ஐத் தொட்டுவிட்டது.

இவ்வைந்தனுள் பெரும்பாலும் பிழைபடுவது மூச்சு எண்ணிக்கையே. அட்டவணையில் வரிசையாக 20, 20, 20 என்று எழுதப்பட்டிருந்தால் அது எண்ணப்படவில்லை என்றே கொள்ளலாம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் கைவைத்து, நோயாளிக்குச் சொல்லாமல், முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். தம் மூச்சு எண்ணப்படுவதை அறிந்தவர் அறியாமலே அதை மாற்றிவிடுவார். ஆக்சிமீட்டரிலும் ஒரு கவனம் தேவை: நகப்பூச்சும் குளிர்ந்த விரல்களும் பொய்யான அளவைக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அலை சீராகத் தெரிந்தபின்னரே எண்ணைக் குறிக்க வேண்டும்.

நிற்க இயலுமா என்பதை வாய்மொழியாகக் கேட்டு எழுதுதல் கூடாது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், அருகே ஒருவர் தாங்கிப் பிடிக்க ஆயத்தமாக நின்றபடி.

இரத்த இருமல்

உறவினரை மிகவும் கலங்கச் செய்வது இது. முதலில் அது நுரையீரலிலிருந்து வருகிறதா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இருமலோடு, நுரை கலந்து, செந்நிறமாக வருவது பெரும்பாலும் நுரையீரலிலிருந்து. குமட்டலோடு, கரிய நிறத்தில், உணவுத் துணுக்குகளுடன் வருவது பெரும்பாலும் இரைப்பையிலிருந்து.

சளியில் கோடு கோடாக இரத்தம் காணப்படுவது காசநோயில் பொதுவானது. ஓய்வும் கண்காணிப்பும் போதுமானதாக இருக்கலாம். ஆனால் இன்று கோடாக வந்தது நாளை குவளையளவாக வரக்கூடும் என்பதால் அளவைக் குறிப்பது கட்டாயம். "கொஞ்சம்", "நிறைய" என்ற சொற்களால் மருத்துவருக்குப் பயனில்லை. அளவுக்கோடு இட்ட கிண்ணம் ஒன்றை நோயாளியிடம் கொடுத்து, மணிவாரியாக எழுதிவர வேண்டும்.

மிகுதியாக இரத்தம் வரும்போது உயிர் பிரிவது பெரும்பாலும் இரத்த இழப்பால் அன்று. வெளிவந்த இரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்கி மூச்சை அடைப்பதாலேயே. இதை மனத்திற் கொண்டால் அடுத்து என்ன செய்வது என்பது தானே விளங்கும். எந்தப் பக்கத்து நுரையீரல் பழுதுற்றது என்று ஊடுகதிர்ப் படத்தால் தெரிந்திருந்தால், அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நல்ல நுரையீரல் மேலே இருக்கும், இரத்தம் அதற்குள் வழியாது. "வலிக்கிற பக்கம் மேலே இருக்கட்டும்" என்று உறவினர் மாற்றிப் படுக்க வைப்பதுண்டு. கனிவோடு காரணத்தைச் சொல்லித் தடுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிடில், நன்கு இருமக்கூடிய நோயாளியைச் சாய்வாக அமர்த்தி, வாயிலுள்ளதைத் துப்பச் சொல்லலாம். விழுங்கச் சொல்லலாகாது.

ஆக்சிஜன், உறிஞ்சு கருவி, அகன்ற ஊசிக் குழாய்கள் இரண்டு, இரத்த வகை காண மாதிரி ஆகியவை உடன் ஆயத்தமாக வேண்டும். வாய்வழி எதுவும் தருதல் கூடாது. மார்பைத் தட்டிச் சளி வெளியேற்றும் பயிற்சி இந்நிலையில் அறவே கூடாது. இருமலை அடக்கும் மருந்தையோ தூக்க மருந்தையோ மருத்துவர் ஆணையின்றித் தரலாகாது. இருமலே அப்பொழுது மூச்சுக்குழலைக் காக்கும் ஒரே வழி. நோயாளியைத் தனியே விட்டுத் தொலைபேசியை நோக்கி ஓடுதலும் தவறு. உடனிருப்பவரை அனுப்பி அழைத்துவரச் செய்து, செவிலியர் கட்டிலருகிலேயே நிற்க வேண்டும். நோயாளியின் கையைப் பற்றி, இனி என்ன செய்யப்போகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. அச்சம் கூடினால் மூச்சும் இருமலும் கூடும்.

மெலிந்த உடலுக்கு உணவூட்டுதல்

காசநோயாளிக்கு உணவு மருந்துக்கு அடுத்தபடியன்று. ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் தம் எடையில் 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 விழுக்காடு என்பது 2 கிலோதான். மத்திய அரசின் நிக்சய் ஊட்டச்சத்துத் திட்டத்தின்கீழ் 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. நோயாளியின் வங்கிக் கணக்கு விவரம் பதிவாகியுள்ளதா என்பதை வார்டில் இருக்கும்போதே உறுதிசெய்துகொள்வது நன்று.

ஆயினும் மிகக் கடுமையாக மெலிந்தவருக்கு, முதல் சில நாட்களில், நிறைய உணவே ஆபத்தாகலாம். பல வாரங்கள் சரிவர உண்ணாத உடலுக்குத் திடீரென மாவுச்சத்து மிகுந்த உணவு சேரும்போது, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் விரைந்து இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு வீழ்ச்சியுறும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், கால் வீங்கும், மூச்சுத் தசைகள் சோரும், குழப்பமும் வலிப்பும் வரலாம். இது மறுவூட்ட நோய்க்குறி எனப்படும்.

பார்க்க வரும் உறவினர் அன்பின் மிகுதியால் பிரியாணிப் பொட்டலமும் இரண்டு பாட்டில் குளிர்பானமும் வாங்கிவருவது ஒவ்வொரு வார்டிலும் காணும் காட்சி. 33 கிலோ எடையில் நேற்றுச் சேர்க்கப்பட்டவருக்கு அது பொருந்தாது. கண்டிப்பதைவிட, "முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரவேண்டும், அடுத்த வாரம் நீங்களே ஊட்டிவிடலாம்" என்று காலக்கெடுவுடன் சொல்வது பயன் தரும். மருத்துவரும் உணவியல் வல்லுநரும் வகுத்த அளவில், இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, சிறிது சிறிதாக உணவு தரவேண்டும். தயமின் ஊட்டம் உணவூட்டத் தொடங்குமுன்னரே தரப்படுகிறதா என்று மருத்துவக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் கேட்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கருவியில் எடை பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் அது பெரும்பாலும் நீர். மகிழ்ந்து வாளாவிராமல் காலையும் மூச்சையும் சோதிக்க வேண்டும். ஆபத்துக் காலம் கடந்தபின் முட்டை, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, பால், சத்துமாவுக் கஞ்சி எனப் புரதமும் ஆற்றலும் நிறைந்த உணவைப் படிப்படியாகக் கூட்டலாம்.

இத்தகைய மெலிந்த உடலில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சதையில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் வெகு விரைவில் தோன்றும்.

மாத்திரைக்குப் பின் வாந்தி

காசநோய் மாத்திரைகளால் வயிற்றுக் குமட்டல் ஏற்படுவது வழக்கம். எனவே வாந்தி என்றவுடன் வாந்தி தடுப்பு மாத்திரை தந்து அமைதியடைவது எளிது. அதற்குமுன் ஒரு பார்வை தேவை: கண்ணின் வெண்மை மஞ்சளாக உள்ளதா, பசியே இல்லையா, மேல்வயிற்றின் வலப்பக்கம் வலிக்கிறதா? ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. மஞ்சள் காமாலை தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கல்லீரல் பழுதுற்றிருக்கையில் "ஒரு வேளையும் தவறக்கூடாது" என்ற பொது விதியைப் பற்றி நிற்பது உயிருக்கே கேடாகும்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினின் இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. இதனை முதல் நாளே சொல்லாததால் மாத்திரையை இரகசியமாகக் குப்பையில் போடுவோர் உண்டு. எத்தாம்புட்டால் பார்வையைப் பாதிக்கலாம். சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தத் தெரிகிறதா என்று மாதந்தோறும் கேட்க வேண்டும். கை கால் மரத்துப்போனால் பைரிடாக்சின் தரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பயனைக் குறைக்கும் என்பதைப் பெண் நோயாளிகளிடம் தனிமையில் சொல்லுதல் வேண்டும். சில சர்க்கரை நோய் மாத்திரைகளின் பயனையும் அது குறைக்கும்.

மார்புக் குழாய்

குப்பி எப்பொழுதும் மார்பு மட்டத்திற்குக் கீழே, குழாய் மடிப்பின்றி இருக்க வேண்டும். மூச்சுக்கேற்பக் குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கினால் குழாய் அடைபடாமல் உள்ளது என்று பொருள். ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால் முதலில் மடிப்பைத் தேட வேண்டும். நோயாளி குழாயின்மேல் படுத்திருப்பதே அடிக்கடி காணப்படும் காரணம். காற்றுக் குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயைக் கவ்வி கொண்டு அடைக்கக் கூடாது. அடைத்தால் காற்று உள்ளே தேங்கி மேற்சொன்ன இளைஞரின் நிலை உண்டாகும். நோயாளியை ஊடுகதிர்ப் படத்திற்குக் கொண்டுசெல்லும்போது இப்பிழை நேர்வதுண்டு. இணைப்பு கழன்றால் குழாயின் முனையை நுண்ணுயிர் நீக்கிய நீரில் அமிழ்த்த வேண்டும். தேங்கிய நீரை வெளியேற்றும்போது ஒரே முறையில் 1 முதல் 1.5 லிட்டருக்கு மேல் விடலாகாது. இடையில் நோயாளி தொடர்ந்து இருமினாலோ மார்பு இறுக்கம் என்றாலோ நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் தலைவலி

2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பட்டபோது, முதற்கட்ட மையங்களுள் தாம்பரமும் ஒன்று. எச்.ஐ.வி.யும் காசநோயும் ஒருங்கே உள்ளவர் "தலைவலி" என்றால் அதனைப் பாராசிட்டமால் தந்து கடந்துபோகலாகாது. சில நாட்களாகத் தொடரும் தலைவலி, வாந்தி, காய்ச்சல், வெளிச்சத்தில் கண் கூசுதல், நடத்தையில் சிறு மாறுதல் ஆகியவை மூளையுறைத் தொற்றைக் குறிக்கலாம். நினைவுநிலையைக் குறித்து, மருத்துவரை அழைக்க வேண்டும். கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் நெறிக்கட்டியும் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. மீண்டெழும் எதிர்ப்பாற்றலின் விளைவாக அது இருக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நோயாளி தாமே நிறுத்திவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

காற்றும் முகக்கவசமும்

சானடோரியங்கள் அகன்ற சன்னல்களுடன் கட்டப்பட்டதற்கான காரணம் இன்றும் பொருந்தும். எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருந்தால் காற்றிலுள்ள கிருமிகள் வெளியேறும். மழைக்கும் கொசுவுக்கும் அஞ்சி மாலையில் அனைத்தையும் அடைப்பதைவிட, கொசுவலை கொடுத்துத் திறந்துவைப்பது நன்று. நோயாளிக்கு அறுவை முகக்கவசம், செவிலியருக்கு என்-95. மாற்றிப் பயன்படுத்தினால் பயன் குறையும்.

மருத்துவரை அழைக்கும்போது

"அந்த நோயாளி சரியில்லை, வந்து பாருங்கள்" என்ற அழைப்புக்கும், "பன்னிரண்டாம் கட்டில், நேற்றுச் சேர்ந்தவர், வலப்பக்கக் காசநோய், அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 150 மி.லி. இரத்தம், மூச்சு 32, நாடி 124, ஆக்சிஜன் 89, வலப்பக்கம் கீழாகப் படுக்க வைத்து ஆக்சிஜன் தொடங்கியுள்ளேன், உடனே வரவேண்டும்" என்ற அழைப்புக்கும் மறுமொழி ஒன்றாக இராது. யார், என்ன நேர்ந்தது, எண்கள் என்ன, செய்தது என்ன, வேண்டுவது என்ன என்ற வரிசையில் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

வீடு திரும்பியபின்

பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகளிலிருந்து வந்தவர் வீடு திரும்பியபின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை பெறலாம். இருமலில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இரத்தம், ஓய்விலும் மூச்சுத்திணறல், கண் மஞ்சளாதல், பார்வை மங்கல், இரண்டு வேளை தொடர்ந்து மாத்திரை தங்காமை, பிதற்றல் ஆகியவற்றுள் எதுவாயினும் அடுத்த மருத்துவ நாளுக்காகக் காத்திருத்தல் கூடாது. அவசர ஊர்திக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. காசநோய் சிகிச்சை, ஊட்டச்சத்துத் தொகை குறித்த ஐயங்களுக்கு நிக்சய் கட்டணமில்லா எண் 1800-11-6666.